மோட்டார் பூட்டிய சைக்கிளுக்கு ஃப்ரீவீல் க்ராங்க் செட்: சென்னையில் எதை, எந்த வரிசையில் வாங்குவது

மோட்டாரின் செயினை நேராகப் பின்சக்கரத்துக்குக் கொடுக்காமல் பெடல் பக்கத்துச் செயின் வீல் வழியாகக் கொடுத்தால், சைக்கிளின் கியர்கள் மோட்டாருக்கும் உதவும். மேம்பாலம் ஏறும்போது வித்தியாசம் தெரியும். ஆனால் மோட்டார் சுற்றும்போது பெடலும் சேர்ந்து சுற்றிக் காலை அடிக்கக் கூடாது. அதற்குத்தான் ஃப்ரீவீல் க்ராங்க்: க்ராங்க் என்பது பெடலைத் தாங்கும் கை, ஃப்ரீவீல் என்பது ஒரு திசையில் மட்டும் பிடித்து மறுதிசையில் வழுக்கும் சக்கரம்.

இதில் பணம் வீணாவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான். ஒன்று, பாகங்களைத் தலைகீழ் வரிசையில் வாங்குவது. இன்னொன்று, தாராளமாகச் செலவழிக்க வேண்டிய ஒரே இடத்தில் மிச்சம் பிடிப்பது. அந்த இடம் ஃப்ரீவீலுக்குள் இருக்கும் பேரிங்.

## 1. முதலில், இது உங்களுக்குத் தேவையா?

மோட்டாரோ எஞ்சினோ இடப்பக்கமாகத் தனிச் செயினில் பின்சக்கரத்தைச் சுற்றினால் ஃப்ரீவீல் க்ராங்க் தேவையே இல்லை. பெடல் செயின் வலப்பக்கம் தன்பாட்டுக்கு இருக்கும். சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டாருக்கும் இதே பதில்தான். மோட்டாரின் விசை க்ராங்க் வழியாகப் போகிறது என்றால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

சட்டத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். பெட்ரோல் எஞ்சின் 25 சிசியைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி அது மோட்டார் வாகனம். பதிவெண், காப்பீடு, லைசென்ஸ் எல்லாம் வந்துவிடும். பேட்டரி வண்டி அந்தக் கணக்கில் வராமலிருக்க, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் கீழும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழும் இருக்க வேண்டும். கீழே வரும் கணக்குகள் 250 வாட் அளவை வைத்துப் போட்டவை.

## 2. கடைக்குக் கிளம்பும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு ஸ்டீல் ஸ்கேல், போனில் நான்கு படங்கள். இவை இல்லாமல் கடைக்குப் போனால் இரண்டாம் முறை போக வேண்டியிருக்கும்.

பெடல் ஆக்சில் போகும் குழாயின் அகலத்தை விளிம்பிலிருந்து விளிம்பு வரை எடுங்கள். கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் 68 அல்லது 73 மி.மீ. வரும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அளக்கவும். தடித்த பெயின்ட் அரை மில்லிமீட்டர் ஏமாற்றும்.

அடுத்து ஆக்சிலின் வகை. பழைய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளில் க்ராங்கைக் காட்டர் பின், அதாவது குறுக்கே அடித்த ஆப்பு, பிடித்திருக்கும். அதில் ஃப்ரீவீல் க்ராங்க் ஏறாது. ஆக்சில், அதைக் குழாயின் இரு முனையிலும் தாங்கும் கப் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சதுர முனை ஆக்சில் என்றால் வேலை பாதியாகும். ரோட்ஸ்டரில் புதிய கப் வாங்கும்போது மரையைக் கையால் சுற்றிப் பாருங்கள். நான்கைந்து சுற்று தடையின்றிப் போனால் சரி. இரண்டு சுற்றில் இறுகினால் மரைக்கணக்கு வேறு. அங்கே ஸ்பேனர் போட்டு அழுத்தினால் ஃபிரேமின் மரை போய்விடும், அதைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம்.

மூன்றாவதாக, வலப்பக்கத்துக் கீழ்க்குழாய், அதாவது பின்சக்கரத்துக்குப் போகும் குழாய், செயின் வீல் விளிம்பு வரும் இடத்தில் எவ்வளவு வெளியே துருத்துகிறது என்று ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் ஒன்பதாம் படியில் தேவைப்படும்.

## 3. முதலில் வாங்க வேண்டியது ஃப்ரீவீல்

புதியவர்கள் முதலில் செயின் வீலையும் ஆக்சிலையும் வாங்கிவிட்டு, கடைசியில் அவற்றுக்குப் பொருந்தும் ஃப்ரீவீலைத் தேடுவார்கள். மற்ற எல்லாவற்றின் அளவையும் தீர்மானிப்பது ஃப்ரீவீல்தான்: க்ராங்கில் என்ன மரை, செயின் வீலில் எத்தனை துளை, ஆக்சில் எவ்வளவு நீளம். ஆகவே அது முதலில்.

எதைப் பார்த்து வாங்குவது? "பல்லு உடையாதா, உள்ளே இருக்கிற நாக்கு தாங்குமா?" என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. நாக்கு என்பது ஒரு திசையில் மட்டும் மாட்டிப் பிடிக்கும் சிறு கொக்கி. கேட்க வேண்டியது அதுவல்ல. மோட்டார் இழுக்கும்போது விசை மோட்டார் செயின் ஏறும் செயின் வீலிலிருந்து, பின்சக்கரத்துக்குப் போகும் பக்கத்துச் செயின் வீலுக்கு ஃப்ரீவீலின் வெளிக்கூடு வழியாகவே போய்விடுகிறது. நாக்குக்கு அதில் வேலையே இல்லை. அது சும்மா டிக்டிக் என்று தாண்டிக்கொண்டிருக்கும். நாக்குக்கு வேலை நீங்கள் மிதிக்கும்போது மட்டும்தான். மோட்டார் ஓடும் நேரம் முழுவதும் சுமை தாங்குவது வெளிக்கூட்டுக்கும் நிற்கும் உள்வளையத்துக்கும் நடுவே இருக்கும் பேரிங்.

எவ்வளவு சுமை? பரவலாகக் கிடைக்கும் 24 வோல்ட், 250 வாட் எம்.ஒய்.1016இசட் கியர் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். கியரைத் தாண்டி வெளிவரும் அச்சு நிமிடத்துக்கு 300 சுற்று, அதில் 9 பல் என்று வைத்தால், க்ராங்கில் இருக்கும் 44 பல் வீல் நிமிடத்துக்கு 61 சுற்று சுற்றும். முழு 250 வாட்டும் இறங்கும்போது மோட்டார் செயினின் இழுவை ஏறத்தாழ 45 கிலோ. பின்சக்கரத்துக்குப் போகும் வீல் 34 பல் என்றால் அந்தச் செயினில் 58 கிலோ. மோட்டார் சீட் குழாய்க்குப் பின்னால் இருந்தால் இரண்டு செயினும் ஒரே திசையில் இழுக்கும். பேரிங் மேல் 100 கிலோவுக்கு மேல் ஏறும். மோட்டாரை முன்னால் வைத்தால் இழுவைகள் ஒன்றையொன்று ஓரளவு கழித்துக்கொள்ளும், ஆனால் இரண்டு வீலும் ஒரே தளத்தில் இல்லாததால் ஃப்ரீவீலைச் சாய்த்து முறுக்கும். இப்படி மணிக்கு 3,600 சுற்றுக்கு மேல்.

சாதாரண சைக்கிள் ஃப்ரீவீல் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. பின்சக்கரத்தில் அது வழுக்கிச் சுற்றும்போது செயினில் இழுவையே இருக்காது. அதன் உள்ளே இருப்பவை கால் அங்குலத்தில் பாதி, அதாவது 1/8 அங்குல பால்ரஸ் குண்டுகள், நெருக்கமாக இரண்டு வரிசை. அதை க்ராங்கில் போட்டால் முதலில் ஆட்டம் வரும், பிறகு செயின் வீல் கோட்டமாகச் சுற்றும், அப்புறம் செயின் கழலும். சில நூறு ரூபாயில் முடிந்தது என்று சந்தோஷப்பட்ட செட் இப்படித்தான் குப்பைக்குப் போகிறது.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. கார்ட்ரிட்ஜ் பேரிங், அதாவது இருபுறமும் ரப்பர் மூடி போட்ட பேரிங் உள்ளதா? செயின் வீலை போல்ட்டால் முடுக்கத் துளைகளோடு விளிம்பு உள்ளதா? மிட் டிரைவ் கிட்களோடு, அதாவது க்ராங்க் வழியாக ஓட்டும் மோட்டார் செட்களோடு, வரும் ஃப்ரீவீல்களில் இரண்டும் கிடைக்கும்; ஃப்ரீவீலை மட்டும் தனியாகவும் விற்கிறார்கள். அமெரிக்காவின் வொயிட் இண்டஸ்ட்ரீஸ் செய்யும் ஈனோ கார்ட்ரிட்ஜ் பேரிங் கொண்டது, திறந்து பாகம் மாற்றலாம். ஆனால் அது விளிம்பில் பல் வைத்தது, செயின் வீலுக்குத் தனி அடாப்டர் வேண்டும், விலையும் கூடுதல். 250 வாட்டுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

கையில் கிடைத்தால் ஒரு சோதனை: உள்வளையத்தை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளிவிளிம்பை மற்ற விரல்களால் முன்னும் பின்னும் அசையுங்கள். நல்லதில் ஆட்டம் கைக்கே தெரியாது. டக் டக் என்று தட்டுவது புதியதாக இருந்தாலும் வேண்டாம்.

## 4. மரையும் திசையும்

பெரும்பாலான ஃப்ரீவீல்களின் மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. வெர்னியரின் உள்வாயால் அளந்தால் 33.5 முதல் 34 மி.மீ.க்குள் காட்டும். பி.எம்.எக்ஸ். சைக்கிளின் சிறிய ஃப்ரீவீல்களில் 30 மி.மீ. மரை உண்டு, அது 29 மி.மீ. சுமாருக்குக் காட்டும். இணையத்தில் வாங்கும்போது படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மரை அளவு எழுதாத பொருளை வாங்காதீர்கள்.

திசையில்தான் லேத்துக்குப் போனவர்கள்கூட மாட்டிக்கொள்கிறார்கள். வலது க்ராங்கில் ஃப்ரீவீல் ஏறுவது உட்பக்கமாக, ஃபிரேமைப் பார்க்கும் முகத்தில். பின்சக்கரத்தில் வெளியே தெரியும் முகம் இங்கே ஃபிரேமைப் பார்த்திருக்கும். இப்படி வைத்தால்தான் மிதிக்கும்போது நாக்கு பிடிக்கும். மரையும் மிதிக்க மிதிக்க இறுகும். வெளிப்பக்கமாக மாட்டினால் எல்லாம் தலைகீழ்: மிதித்தால் வழுக்கும், மோட்டார் போட்டால் பெடல் சுற்றும்.

இதன் இன்னொரு விளைவு: ஃப்ரீவீலைக் கழற்றும் சாவி உட்கார வேண்டிய பள்ளங்கள் ஃபிரேம் பக்கம் இருப்பதால், க்ராங்கைக் கழற்றாமல் ஃப்ரீவீல் வராது. ஆகவே க்ராங்கை ஆக்சிலிலிருந்து இழுத்துக் கழற்றும் க்ராங்க் புல்லர் உங்களிடமே ஒன்று இருக்கட்டும். அதன் மரை 22 மி.மீ.

## 5. க்ராங்க் கை

மலிவான வழி, மரை வெட்டிய வலது க்ராங்கும் அதன் ஜோடி இடது க்ராங்கும் சேர்ந்த செட். தனித்தனியாக வாங்கினால் நீளம் மாறிவிடும், 170 மி.மீ.யும் 165 மி.மீ.யும் கலந்து மாட்டிக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்பவர்கள் உண்டு.

சதுரத் துளைக்குள் ஆக்சில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். போல்ட்டை இறுக்கிய பிறகும் ஆக்சிலின் நுனி க்ராங்கின் உள்தளத்தைவிடச் சற்று உள்ளேயே இருக்க வேண்டும். நுனி சமமாக வந்துவிட்டால் போல்ட்டின் வாஷர் ஆக்சிலில் முட்டிவிடும். இறுகியது போலத் தெரியும், க்ராங்க் இறுகியிருக்காது.

அலுமினிய க்ராங்க் போதுமா, இரும்பு வேண்டுமா? க்ராங்க் கைக்கு வருவது உங்கள் காலின் விசை மட்டுமே. மோட்டாரின் முறுக்கு அதற்குள் போவதில்லை. நல்ல அலுமினியம் தாராளமாகப் போதும், இங்கே மிச்சம் பிடிக்கலாம். லேத்தில் செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டும் இரும்பு.

## 6. எங்கே போவது

பூக்கடை ரத்தன் பஜாரில் சைக்கிள் பாகங்களின் கடைகள் வரிசையாக உண்டு. சதுர முனை ஆக்சில், கப், இடது க்ராங்க், 1/8 அங்குலச் செயின், பெடல், கழற்றும் சாவிகள் எல்லாம் அங்கேயே முடியும். "ஃப்ரீவீல் க்ராங்க்" என்று கேட்டால் பின்சக்கர ஃப்ரீவீலை எடுத்து வைப்பார்கள். "அண்ணா, காட்டர்லெஸ் க்ராங்க், வலது கை, செயின் வீல் இல்லாம தனியா வருமா?" என்று பாகம் பாகமாகக் கேட்பதுதான் பலன் தரும். பழைய ஆக்சிலைக் கையோடு கொண்டுபோங்கள்; சொல்லி விளக்குவதைவிட அது வேகமானது.

போல்ட், நைலாக் நட், வாஷருக்குப் பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெருப் பக்கம். மோட்டார், கன்ட்ரோலருக்கு ரிச்சி தெரு. புதுப்பேட்டையில் பைக்கின் செயின், ஸ்ப்ராக்கெட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவற்றின் செயின் சைக்கிள் செயினோடு சேராது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

விளிம்பு வைத்த ஃப்ரீவீலும் மரை வெட்டிய வலது க்ராங்கும் பெரும்பாலும் இணையத்தில்தான். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரி, கூரியர்காரரின் கையாளும் கட்டணம் இரண்டையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். ஃப்ரீவீல், க்ராங்க், செயின் வீல் மூன்றையும் ஒரே பார்சலில் வரவழைத்தால் அந்தக் கட்டணம் ஒருமுறையோடு போகும். ஆக்சிலை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். காரணம் ஒன்பதில்.

## 7. செயின் வீல்

துளை எண்ணிக்கை ஒத்தால் மட்டும் போதாது, துளைகள் நிற்கும் வட்டத்தின் விட்டமும் ஒத்துப்போக வேண்டும். நடுவில் பெரிய ஓட்டை இருப்பதால் விட்டத்தை நேராக அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத் தூரத்தை அளந்து, நான்கு துளை என்றால் 0.707ஆலும் ஐந்து துளை என்றால் 0.588ஆலும் வகுத்துவிடுங்கள். நான்கு துளையில் 73.5 மி.மீ. வந்தால் விட்டம் 104. ஐந்து துளையில் 64.7 வந்தால் 110, 76.4 வந்தால் 130.

மோட்டார் பக்கத்து வீல் 1/8 அங்குலச் செயினுக்கான இரும்பு வீலாக இருக்கட்டும். 9 பல் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும் செயின் சீக்கிரம் நீளும். நீண்ட செயின் அலுமினியப் பல்லை அரித்துவிடும். பின்சக்கரத்தில் ஆறு, ஏழு கியர் என்றால் அந்தப் பக்கம் 3/32 அங்குல வீல். இரண்டு செயினும் வேறு வேறு அகலம் என்பதை மறக்க வேண்டாம்.

## 8. லேத்தில் செய்வது என்றால்

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் சின்ன லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. 24 மரை வெட்டுவது அவர்களுக்குப் பெரிய வேலையும் இல்லை. வேலையின் வரிசைதான் முக்கியம்.

இ.என்.8 இரும்பில் ஒரு பாஸ், அதாவது மரை வெட்டுவதற்கான உருண்டை மேடு, கடைந்து, அதை இரும்பு க்ராங்கின் உட்பக்கத்தில் வெல்ட் செய்ய வேண்டும். மரை வெட்டுவது வெல்டிங்குக்குப் பிறகு. முன்பே வெட்டிவிட்டால் சூட்டில் பாஸ் இழுத்துக்கொண்டு மரை நீள்வட்டமாகிவிடும். மரை வெட்டும்போது க்ராங்கை ஒரு பழைய சதுர ஆக்சிலில் இறுக்கி, அந்த ஆக்சிலை லேத்தின் இரண்டு சென்டருக்கு நடுவே பிடிக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் மரையின் மையமும் ஆக்சிலின் மையமும் ஒன்றாகும். சக்கில் க்ராங்கை நேரடியாகக் கவ்வினால் கோட்டம் நிச்சயம். மரையின் அடியில் ஃப்ரீவீல் முட்டி நிற்க ஒரு தோள் விடவும். இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்க ஏறிக்கொண்டே போய் க்ராங்கைக் கடிக்கும்.

சாதாரண ஃப்ரீவீலின் பல்லோடு செயின் வீலை வைத்து வெல்ட் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தச் சூட்டில் வெளிக்கூட்டின் கடினம் போகும், உள்ளே கிரீஸ் எரியும், குண்டு ஓடும் தடம் மென்மையாகிவிடும்.

ஃப்ரீவீலே வேண்டாம், ஒருதிசை பேரிங் போட்டுக் கடைந்துகொள்ளலாம் என்ற வழியும் உண்டு. அதன் பெயர் சி.எஸ்.கே.; சென்னையில் கேட்டால் கடைக்காரர் சிரிக்கத்தான் செய்வார். 70 கிலோ ஆள் 170 மி.மீ. க்ராங்கில் எழுந்து நின்று மிதித்தால் முறுக்கு விசை சுமார் 117 நியூட்டன் மீட்டர். கேட்லாக்கில் அதைவிட நன்றாக அதிகம் தாங்கும் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். உள்ளும் வெளியும் சாவிப் பள்ளம் உள்ள வகை நல்லது, வெறும் இறுக்கத்தை நம்பினால் ஒரு நாள் வழுக்கும். துல்லியமான லேத் கையில் இருந்தால் மட்டும் முயலுங்கள்.

## 9. ஆக்சில் கடைசியில்

ஒரு பழைய சதுர ஆக்சிலைத் தற்காலிகமாக மாட்டி, ஃப்ரீவீலும் வீல்களும் பூட்டிய க்ராங்கை அதில் மெதுவாக ஏற்றுங்கள். உள் வீலின் பல்லுக்கும் கீழ்க்குழாய்க்கும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி தேவை. மிதிக்கும்போது ஃபிரேமும் வளையும், செயினும் பல்லைவிட அகலம். இரண்டாம் படியில் குறித்த எண்ணையும் வைத்து, எவ்வளவு குறைகிறது என்று பார்த்து அதற்கேற்ற நீளம் வாங்கவும். கடையில் 113, 118, 122.5, 127.5 மி.மீ. என்று வரும். இருபுறமும் சமமாக நீளும் ஆக்சில் என்றால் 10 மி.மீ. கூடுதல் நீளம் வலப்பக்கம் 5 மி.மீ.தான் தரும். இந்தக் கணக்கை மறந்து ஒரு சைஸ் குறைத்து வாங்குவது அடிக்கடி நடக்கிறது.

மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும் ஊர் இது. திறந்த பால்ரஸ் கப்பைவிட மூடிய கார்ட்ரிட்ஜ் ஆக்சில் நல்லது.

## 10. பூட்டும் வரிசை

ஆக்சில் கப்பின் மரைக்குக் கிரீஸ் தடவி இருபுறமும் கையால் ஏற்றுங்கள். வலது கப் எதிர் மரை. இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். தெரியாமல் பைப் போட்டு மறுபக்கம் திருகி ஃபிரேமைக் கெடுத்தவர்கள் நிறைய.

செயின் வீல்களை ஃப்ரீவீலின் விளிம்பில் முதலில் லேசாக முடுக்கி, பிறகு ஃப்ரீவீலைக் க்ராங்கில் கையால் ஏற்றவும். அதற்கும் கிரீஸ் உண்டு. குறுக்கு மரையில் ஏறினால் இரண்டாவது சுற்றிலேயே கனக்கும், உடனே பின்வாங்குங்கள்.

க்ராங்க் போல்ட்டை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், 20 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் 19 கிலோ அளவு அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம். அந்த அடி கார்ட்ரிட்ஜின் குண்டுகளுக்குத்தான் போகிறது.

இப்போது மோட்டார் செயினைப் போட்டு க்ராங்கைப் பிடித்துக்கொண்டு வீலை மட்டும் சுற்றுங்கள். செயின் ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தளர்ந்தால் வீல் மையத்தில் உட்காரவில்லை. வீல் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, இறுகும் இடத்தில் வீலை மரக்கட்டையால் தட்டி, எதிரெதிர் போல்ட்டாக முடுக்குங்கள். பொறுமையாகச் செய்தால் சரியாக வரும். தளர்வான பக்கத்தின் நடுவே 10 மி.மீ. தொய்வு இருக்கட்டும்.

## 11. மோட்டாரைப் போடும் முன், போட்ட பின்

முதலில் மோட்டார் இல்லாமல் கொஞ்ச தூரம் அழுத்தி மிதித்து ஓட்டுங்கள். ஃப்ரீவீல் மரை மிதிவிசையில்தான் கடைசிவரை இறுகும். இறுகாமல் மோட்டாரைப் போட்டால், ஃப்ரீவீலின் உள் உராய்வு மரையைக் கழற்றும் திசையில் இழுக்கும்.

50 கி.மீ. ஓடியதும் க்ராங்க் போல்ட்டையும் செயின் வீல் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கவும். தளர்ந்த அலுமினிய க்ராங்கோடு ஓட்டினால் சதுரத் துளை உருண்டையாகிவிடும். அதற்கு வைத்தியம் கிடையாது.

மோட்டார் ஓடும்போது பெடல் தானாக முன்னோக்கி இழுத்தால் ஃப்ரீவீல் பேரிங் இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே நிறுத்துங்கள், முழுதும் இறுகினால் மரை கழன்று ஃப்ரீவீல் ஃபிரேமின் மேல் வந்து உரசும். மிதிக்கும்போது திடீரென வழுக்கிப் பிறகு பிடித்தால் அது பேரிங் அல்ல, நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கெட்டியான கிரீஸை உள்ளே திணித்ததுதான் பெரும்பாலும் காரணம். மண்ணெண்ணெயில் கழுவி மெல்லிய எண்ணெய் விட்டால் சரியாகும். கழுவும்போது கார்ட்ரிட்ஜ் பேரிங்கின் ரப்பர் மூடிக்குள் மண்ணெண்ணெய் போகக் கூடாது.

குண்டு வகை ஃப்ரீவீலில் ஆட்டம் வந்தால், முகத்தில் இரண்டு சிறு பள்ளம் உள்ள வளையத்தைத் திறந்து அடியில் இருக்கும் ஷிம் என்னும் மெல்லிய வளையத் தகடுகளில் ஒன்றை எடுத்துவிடலாம். அந்த வளையமும் எதிர் மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். ஒரு தட்டின் மேல் வைத்துத் திறக்கவும். குண்டுகள் தெறித்தால் எண்ணிப் பொறுக்குவது பெரிய வேலை. திரும்பப் பூட்டும்போது வளையத்தின் மரைக்கு, அது தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு துளி.